பச்சைப் புள்ளி

என் வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம். எந்தப் பழைய மெஷினைக் கையில் எடுத்தாலும் முதல் வேலையாக அதன் பேட்டரியைப் பிடுங்கிப் போட்டுவிடுவார். அதைத் தப்பு என்று சொல்ல முடியாது. வருஷக்கணக்கில் உள்ளேயே கிடக்கிற பேட்டரி ஒருநாள் கசியும். கசிந்தால் பச்சையாகப் பூத்து, போர்டில் ஓடுகிற செப்புக் கோடுகளைக் கரையான் மாதிரி அரித்துவிடும். அப்படி அரித்துப் போன கம்ப்யூட்டர்கள் எங்கள் அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு குவியலாகக் கிடக்கின்றன. "மொதல்ல பேட்டரி, அப்புறம் மத்த பேச்சு" என்பது அவருடைய வேதவாக்கு. பற்றவைக்கிற ஈயக் கம்பியில் ஒரு துண்டைத் தச்சர் பென்சில் செருகுவது போல எப்போதும் காதில் செருகியிருப்பார். அதனால் தெருவில் அவருக்கு ஈயம் என்றே பெயர்.

எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. டிவியோடு மாட்டி ஓட்டுகிற அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்கள், கேசட் செருகி ஆடுகிற விளையாட்டு மெஷின்கள், இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய தடித்த டிவிப் பெட்டிகள் என்று சுவர் முழுக்க அடைந்திருக்கும். கொஞ்சம் விற்போம், கொஞ்சம் பழுது பார்ப்போம், மிச்சத்தை அவர் கட்டிக்கொண்டு அழுவார். திறப்பது, பற்றவைப்பது அவர் வேலை. துடைப்பது, மஞ்சளடித்துப் போன பிளாஸ்டிக்குக்கு மருந்து பூசி மொட்டைமாடி வெயிலில் வைத்து வெளுப்பது, காப்பி எடுப்பது என் வேலை.

காப்பி எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விளையாட்டுக் கேசட்டுக்குள் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும். ஆடுகிறவர் எந்த இடத்தில் நிறுத்தினார், என்னென்ன சேர்த்து வைத்தார் என்பதையெல்லாம் கேசட் மறக்காமல் வைத்திருப்பது அந்தப் பேட்டரியின் தயவில்தான். கழற்றினால் எல்லாம் போய்விடும். அதனால் நான் முதலில் கேசட்டை ஒரு கருவியில் செருகி, உள்ளே இருப்பதை எங்கள் கம்ப்யூட்டருக்கு இழுத்துக்கொள்வேன். பழைய மெஷின் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் ஒன்று அதில் இருக்கிறது. அதில் ஓட்டிப் பார்ப்பேன். சரியாக வந்திருந்தால் கேசட்டின் முதுகில் பச்சை வட்ட ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவேன். பச்சை இல்லாமல் பேட்டரியில் கை வைக்கக் கூடாது, அது எங்கள் வீட்டுச் சட்டம். அவரும் அதை ஒருநாள் மீறியதில்லை. அன்றைக்கும் மீறவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

அந்தப் பெண் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். வேலை முடிந்து, வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். துணிப்பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து, குழந்தையைக் கொடுப்பது போல இரண்டு கையாலும் கொடுத்தாள்.

"இதுல தோட்டம் போடற ஆட்டம் இருக்குக்கா. என் பொண்ணு ஆடுனது. இப்பல்லாம் போட்டா சில நாள் வருது, சில நாள் வர மாட்டேங்குது."

"பொண்ணையும் கூட்டிட்டு வந்திருக்கலாமேம்மா, எங்க நிக்குதுன்னு கேட்டுக்கலாம்" என்றேன். நாக்கில் சனி.

"அவ இல்லக்கா. போன வருஷம் சைக்கிள்ல போறப்ப லாரி அடிச்சிருச்சு."

உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். அவளாகவே பேசினாள். தினமும் சாயங்காலம் மெஷினைப் போடுவாளாம். ஆடத் தெரியாது. கேசட் வந்ததும் திரையில் ஒரு வீடு வரும். வாசலில் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பொம்மைப் பெண் நிற்பாள். பக்கத்தில் மூன்று மஞ்சள் பூ, உடைந்த வேலி, ஒரு நாய். மகள் கடைசியாக விட்டுப்போன இடம் அது. எதையாவது அழுத்திக் கெடுத்துவிடுவோமோ என்ற பயத்தில் ஒரு பொத்தானைக்கூட இவள் தொட்டதில்லை. பார்த்துவிட்டு அணைத்துவிடுவாள். திரையைப் போனில் படமெடுத்து வைத்திருந்தாள். அதையும் காட்டினாள்.

"உள்ள ஒரு தொழுவம் இருக்காம்க்கா. ஒவ்வொண்ணுக்கும் பேரு வைக்கணுமாம். பிடிச்சவங்க பேரா வைப்பா. நாய்க்கு ஃப்ரெண்டு பேரு, குதிரைக்கு அவ மாமா பேரு. என் பேரு எங்கடின்னு ஒரு நாள் கேட்டேன். அடுத்த கன்னுக்குட்டிக்குப் பாக்கலாம்னு சொல்லிச் சிரிச்சா."

அதற்கப்புறம் ஒரு சண்டை. சொல்லக் கூடாத ஒரு வார்த்தையை இவள் சொல்லிவிட்டாள். அந்த வாரம் முழுக்க மகள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஆட்டம், சாப்பிட்டால் மறுபடி ஆட்டம். வாரக் கடைசியில் லாரி.

"அந்த வாரம் கன்னுக்குட்டி ஒண்ணு பொறந்துச்சாம். அவ ஃப்ரெண்டு சொன்னா. என்ன பேரு வச்சான்னு அவளுக்கும் தெரியல. நீங்க சரி பண்ணிக் குடுத்தா, நீங்களே தொழுவத்துக்குள்ள போய்க் காட்டுங்கக்கா. என் பேரு இருக்கா இல்லையான்னு மட்டும் பாத்துடறேன். இல்லைன்னாலும் பரவால்ல."

பரவாயில்லை என்று சொன்ன வாய்தான். கை புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தது.

அவள் போனதும் கேசட்டின் செப்புப் பற்களைத் துடைத்து, காப்பி எடுக்காதவற்றை வைக்கும் வெள்ளைத் தட்டில் காயப் போட்டேன். காய்ந்த பிறகுதான் கருவியில் செருக வேண்டும். மறுநாள் காலையில் எனக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். கன்னம் பணியாரமாக வீங்கி, மாத்திரை போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை அடித்துப் போட்டது போலத் தூங்கினேன்.

எழுந்து முன்னறைக்கு வந்தால் மனுஷன் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வேலை செய்கிறார். மேஜையில் அந்தக் கேசட் திறந்து கிடந்தது. உள்ளே புத்தம்புதுப் பேட்டரி பளபளத்தது.

"நீ படுத்துக் கெடக்கியேன்னு நானே முடிச்சிட்டேன். பாவம், அந்தம்மா நாளைக்கே வந்து வாங்கிட்டுப் போகட்டும்."

"நான் இன்னும் காப்பி எடுக்கலியே!" வீங்கின வாயில் வார்த்தை குழறியது. அவருக்கு முதலில் புரியவே இல்லை. இரண்டாம் தடவை சொன்னேன்.

"வெளையாடாத. பச்சை ஒட்டியிருக்கு. நீதான் தெரியாம வெள்ளைத் தட்டுல மாத்தி வச்சிட்டேன்னு நெனச்சேன்."

கேசட்டின் பின்மூடியைத் திருப்பிப் பார்த்தேன். பச்சை வட்ட ஸ்டிக்கர். எங்களுடையது அல்ல. ஓரமெல்லாம் அழுக்கேறி, பாதி தேய்ந்து, நடுவில் பேனாவால் இரண்டு கண்ணும் ஒரு வாயும் போட்டிருந்தது. பென்சில் டப்பாவில் ஒட்டும் ரகம். தன் கேசட் இன்னொருவருடையதோடு மாறிவிடக் கூடாதென்று ஒரு சின்னப் பெண் ஒட்டி வைத்தது. நான் கேசட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை. அவர் பச்சையைப் பார்த்தாரே தவிர, அது சிரிப்பதைப் பார்க்கவில்லை.

மெஷினில் போட்டோம். ஆட்டத்தின் இசை வந்தது. பிறகு 'புதிய ஆட்டம்' என்று ஒரே ஒரு வரி. வேறெதுவும் இல்லை.

அவர் கேசட்டை எடுத்து ஊதி மறுபடி போட்டார். மறுபடியும் அதே வரி. ஊதினால் வராது என்று என்னைவிட அவருக்குத் தெரியும். அப்படியும் ஊதிக்கொண்டே இருந்தார். கடைசியில் நான்தான் சுவிட்சை அணைத்தேன்.

"நீ தட்டுல எழுதியாவது வச்சிருக்கலாம்ல?" என்றார்.

ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்பார்கள். எங்கள் வீட்டில் ஈயமே இளித்தது. வாயில் பஞ்சு இருந்ததால் பிழைத்தார். கொஞ்ச நேரத்தில் அவரே நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு இரக்கமும் வந்தது, அறையலாம் போலவும் இருந்தது.

"நாளைக்குப் போய்ச் சொல்லிடுவோம்" என்றேன்.

"எப்படிச் சொல்றது? அந்தப் பொண்ணை இன்னொரு தடவை கொன்னுட்டோம்னா?"

"வேற என்ன பண்றதா உத்தேசம்?"

கம்ப்யூட்டரைப் பார்த்தார். எனக்கு விளங்கிவிட்டது. அந்த ஆட்டத்தின் காப்பி, யாரும் ஆடாத வெறும் ஆட்டம், எங்களிடம் எப்போதோ எடுத்தது இருந்தது. எமுலேட்டரில் அதை வேகமாக ஓட்டி, முதலிலிருந்து ஆடி, அந்தப் படத்தில் இருக்கிற இடத்துக்கே கொண்டுவந்து, கருவி வழியாகக் கேசட்டுக்குள் திரும்ப ஏற்றிவிடலாம். சிவப்புத் தொப்பி, மூன்று மஞ்சள் பூ, உடைந்த வேலி, நாய். அவள் பார்த்தது அந்த ஒரு காட்சியைத்தான்.

"இது பித்தலாட்டம்" என்றேன்.

"சரி, பித்தலாட்டம்தான். அந்த ஃபோட்டோவை அனுப்பச் சொல்லு."

படம் ஒழுங்காக வருகிறதா என்று சரிபார்க்கத்தான் என்று சொல்லிக் கேட்டேன். உடனே அனுப்பினாள், "நல்லா பாருங்கக்கா" என்ற குரல் செய்தியோடு. இவரோ ஆட்டம் ஆடுகிற ஆளே அல்ல. மெஷினை உயிர்ப்பித்து, ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, அணைத்துவிடுகிற ஆள். அவர் சோறு தண்ணி மறந்து விதை நட்டார், கோழி வாங்கினார், திருவிழாப் பந்தயத்தில் தோற்றுத் தோற்று அந்தச் சிவப்புத் தொப்பியை ஜெயித்தார். ஆடி ஆடிக் கட்டைவிரல் தோலுரிந்தது. பூ சரியான இடத்தில் முளைக்கவில்லை என்று ஒரு முழுப் பருவத்தையே திரும்ப ஆடினார். ஒரு பொய்க்கு இத்தனை நேர்மையாக உழைத்த மனிதரை நான் கண்டதில்லை.

வாசல் காட்சி படத்தோடு அச்சாகப் பொருந்தியது. அதற்கப்புறம்தான் தொழுவம். குதிரைக்கும் மாடுகளுக்கும் ஏதேதோ பெயர் வைத்தார்; அவள் பார்க்கக் கேட்டது கன்றை மட்டும்தான்.

கன்றுக்குட்டி பிறந்ததும் ஆட்டம் பெயர் கேட்கும். ஆங்கிலத்தில் நாலு எழுத்துக்கு மேல் போட முடியாது. போடாமல் தாண்டவும் முடியாது. அந்தக் கட்டத்தில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"கன்னுக்குட்டியே வேணாம், விட்டுடுங்க" என்றேன்.

"ஃப்ரெண்டு சொல்லியிருக்காளே, பொறந்துச்சுன்னு. இல்லாட்டி சந்தேகம் வரும்."

"அப்ப ஏதாவது வாயில வந்த பேரை வைங்க."

"வேற பேரைப் பாத்தா அந்தம்மா அங்கயே விழுந்துடுவாங்க. பொண்ணு கோவத்தோடதான் செத்தான்னு ஆயிடும்."

"கோவத்தோடதான் செத்தாளோ என்னவோ! மன்னிச்சாளா இல்லையான்னு எழுத நீங்க யாரு?"

அவர் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோலுரிந்த விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினார். ஏ, எம், எம், ஏ. பெற்றவளின் பெயரையா ஒரு பெண் வைப்பாள், அம்மா என்றுதானே வைப்பாள் என்று அவர் கணக்கு. எனக்கும் அது சரியென்றே பட்டது. நாலு எழுத்துக்குள் கச்சிதமாக அடங்கவும் செய்தது. இதோடு விட்டது சனியன் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

எல்லாவற்றையும் கேசட்டுக்குள் ஏற்றி முடித்ததும் வரச் சொன்னோம். அவள் வந்தாள். அன்றைக்குக் கோட் இல்லை, நல்ல புடவை கட்டியிருந்தாள். டிவிக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்தாள். திரையில் வாசலில் பொம்மைப் பெண் நின்றதும், "நிக்கறாக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் ஜாய்ஸ்டிக்கை எடுத்துப் பொம்மைப் பெண்ணை நடத்தினார். அவள் பதறிப்போய், "இருங்க, இருங்க" என்றாள். பிறகு, "சரி, போங்க" என்றாள். தொழுவக் கதவு திறந்தது. குதிரை, மாடுகள், மூலையில் ஒரு கன்று. கன்றின் முன்னால் நிறுத்திப் பொத்தானை அழுத்தினார். பெயர் வந்தது.

அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு முக்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து, டிவிக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள்.

"என்னை ஒரு தடவைகூட இப்படிக் கூப்பிட்டதில்லக்கா."

நான் திரையில் இருந்த அந்த நாலு எழுத்தைப் பார்த்தேன்.

"சித்தின்னுதான் கூப்பிடுவா. அவளைப் பெத்தவ போனதுக்கப்புறம் வந்தவ நான். ஒம்பது வருஷம் வளத்தேன், தலை பின்னிவிட்டேன், பேன் எடுத்தேன், சித்திதான். நானும் கேட்டதில்ல. அன்னைக்குச் சண்டையில சொன்னேன்க்கா, 'உங்கம்மா உன்னை என் தலையில கட்டிட்டுப் போயிட்டா'ன்னு. அதைக் கேட்டுட்டும் இவ இப்படி வச்சிருக்கா பாருங்க."

இவர் ஜாய்ஸ்டிக்கைத் தரையில் வைத்துவிட்டார். காய்கறிக்காரரிலிருந்து கண்டக்டர் வரை, வழியில் போகிற எவளையும் அம்மா என்றுதான் கூப்பிடுகிறோம். அவளையே நான் எத்தனை அம்மா போட்டிருப்பேன். அந்தப் பிள்ளை ஒருத்திதான் அந்தச் சொல்லை யாருக்கோ பத்திரமாக வைத்திருந்தாள். அதை நாங்கள் எடுத்துச் செலவழித்துவிட்டோம்.

"சண்டைக்கு அப்புறம்தானே வச்சா?" என்று அவரைக் கேட்டாள்.

"ஆமாம்மா" என்றார்.

அவள் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். பத்து வயது குறைந்தவள் போல இருந்தாள். கேசட்டைப் பைக்குள் வைத்தாள்.

"இதை அவ அப்பாகிட்ட காட்டணும். இப்ப அவரு அண்ணன் வீட்டுல இருக்காரு. பெத்தவளா இருந்தா அப்படி ஒரு வார்த்தை வந்திருக்குமான்னு கேட்டுட்டுப் போனவருதான், திரும்பி வரல. மெஷினே அவரு சின்ன வயசுல ஆடுனது. இந்த ஆட்டம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. வருஷம் முழுக்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஆடுவாங்க. கடைசி மாசம் மட்டும்தான் அவரு வெளியூர் வேலையில இருந்தாரு. இதைப் பாத்தாலே அவருக்குப் புரிஞ்சுடும்."

புரிந்துவிடும்தான். தோட்டத்தில் எதை எங்கே நட்டார்கள், எந்த மாட்டுக்கு என்ன பெயர் என்று மகளோடு உட்கார்ந்து ஆடியவருக்குத் தெரியாதா? நாலு அடி நடந்தாலே இது தன் மகளின் தோட்டம் இல்லை என்று கண்டுபிடித்துவிடுவார். எங்களையா சந்தேகப்படுவார்? மகளின் தோட்டத்தை அழித்துவிட்டு, தன்னை அம்மா என்று இவளே எழுதிக்கொண்டாள் என்றல்லவா நினைப்பார்!

அவள் படியிறங்கிப் போனாள். நான் அவரைப் பார்த்தேன்.

"சந்தோஷமாத்தானே போறாங்க" என்றார் அவர். "விட்டுடேன்."

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். "என்னக்கா, எதையாவது விட்டுட்டு வந்துட்டேனா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் திரும்பிவிடலாமா என்று இருந்தது. திரும்பவில்லை. மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். பச்சை ஸ்டிக்கர், பேட்டரி, எமுலேட்டர், போட்டோ, நாலு எழுத்து. அவள் கணவரிடம் ஏன் காட்டக் கூடாது என்பதையும் சொன்னேன். அவள் பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

முடித்ததும் கேட்டாள்.

"அப்போ பழசுல என் பேரு இருந்துச்சா, இல்லையா?"

"தெரியாதும்மா."

"உங்க வீட்டுக்காரரு கழட்டறதுக்கு முன்னாடி பாத்திருப்பாருல்ல?"

"பாக்கல. பேட்டரியைக் கழட்டினப்பவே போயிடுச்சு. இனிமே யாராலயும் தெரிஞ்சுக்க முடியாது."

தலையாட்டினாள். மருந்துக்கடையில் சீட்டைப் பார்த்துவிட்டு, இந்த மருந்து இல்லை என்று சொல்லும்போது ஆட்டுவாளே, அப்படி. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். உண்மையைச் சொன்னால் சொன்னவளுக்காவது பாரம் குறையும் என்பார்கள். எனக்குக் குறையவில்லை.

பஸ் வந்தது. ஒரு காலைப் படியில் வைத்தவள் திரும்பினாள்.

"அவருகிட்ட காட்ட மாட்டேன். காட்ட வேணாம்னு மட்டும் சொல்லியிருக்கலாம்லக்கா. மிச்சத்தை எதுக்குச் சொன்னீங்க?"

கண்டக்டர், "ஏறும்மா, ஏறும்மா" என்றார். அவள் ஏறிக்கொண்டாள்.